பிரிண்டரைத் திட்டுவதற்கு முன்: படம் நிறைந்த ரிப்போர்ட் ஏன் இவ்வளவு மெதுவாக அடிக்கிறது?

[திரை: ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடை. பிரிண்டரில் பாதி வந்து நிற்கும் தாள்.]

வணக்கம். மழை தொடங்கினால் மலைநாட்டில் இந்த வேலை கூடிவிடும். லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) சுவரில் வெடிப்பு, தகரம் பறந்த கூரை, வீட்டுக்குப் பின்னால் சரிந்த மண், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வீடு வீடாக விவரம் சேர்த்து, கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகளில் சிலர் இதற்கு பைத்தன் என்ற கணினி மொழியில், பிடிஎஃப் உருவாக்கும் ரிப்போர்ட்லேப் லைப்ரரியை வைத்தே புரோகிராம் எழுதிவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பிரிண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் வருவதற்குள் பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டு வந்துவிடலாம்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். புரோகிராம் பிடிஎஃப் உருவாக்குவது ஒன்று, கம்பியூட்டர் அதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றி வரிசையில் வைப்பது ஒன்று, தாளில் மை விழுவது ஒன்று. படமே இல்லாமல் அதே ரிப்போர்ட்டை அடித்துப் பாருங்கள். அதுவும் ஊர்ந்துதான் வருகிறது என்றால் புரோகிராமைத் தொடாதீர்கள், பிரிண்டரின் தர செட்டிங்கைப் போய்ப் பாருங்கள். இல்லையென்றால் விண்டோஸில் பிரிண்ட் வரிசையைத் திறந்து சைஸ் என்ற இடத்தைக் கவனியுங்கள். சின்ன பிடிஎஃப்தான், ஆனால் அங்கே மெகாபைட் ஏறிக்கொண்டே போகிறதா? அப்படியானால் படங்கள்தான் காரணம்.

[திரை: கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது.]

12 மெகாபிக்சல் போட்டோ என்றால் 4000க்கு 3000 புள்ளி. ஜேபெக் பைலாக 4 எம்பிக்குள் அடங்கியிருக்கும், ஆனால் அச்சிடுவதற்காக அந்தச் சுருக்கத்தை அவிழ்த்து விரித்தால் புள்ளிக்கு 3 பைட் வீதம் 36 எம்பி. பக்கத்துக்கு ஆறு படம் என்றால் 216 எம்பி. சரி, ஒரு முழு ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், நிரப்ப எவ்வளவு வேண்டும்? 2480க்கு 3508 புள்ளி, சுமார் 26 எம்பி, அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் விரித்து, சுருக்கி, தூக்கி எறிவதற்காகவே போகிற வேலை.

"நான்தான் படத்தின் அகலம் 8 சென்டிமீட்டர் என்று கொடுத்திருக்கிறேனே?" என்பீர்கள். ரிப்போர்ட்லேப்பில் படம் வைக்கும் கட்டளையான டிரா இமேஜில் கொடுக்கும் அகலம் தாளில் எவ்வளவு இடம் என்பதை மட்டுமே சொல்கிறது, ஒரு புள்ளிகூடக் குறையாது. ரிப்போர்ட்லேப் ஜேபெக்கை விரிக்காமல் அப்படியே பிடிஎஃப்புக்குள் வைத்துவிடும், அதனால் புரோகிராம் சட்டென்று முடிந்துவிடும், பாரம் முழுவதும் அடுத்த கட்டத்தில் இறங்கும், பழி பிரிண்டருக்குப் போகும்.

ஆகவே உள்ளே வைப்பதற்கு முன்பே படத்தின் புள்ளிகளைக் குறைத்துச் சுருக்குங்கள். 8 சென்டிமீட்டரை 2.54ஆல் வகுத்து 300ஆல் பெருக்கினால் 945 புள்ளி. கூரை, முற்றம் மாதிரியான படங்களுக்கு 200 டிபிஐ, அதாவது 630 புள்ளியே தாராளம். வெடிப்புப் படத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: மயிரிழை வெடிப்பு சுருக்கத்தில் மறைந்துபோனால் அந்த ரிப்போர்ட் எதற்கு? அதற்கு 945 வையுங்கள், அப்போதும் விரித்தால் 2 எம்பிதான்.

[திரை: பில்லோ புரோகிராம், மூன்று வரி.]

இதற்குப் பைத்தனில் படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரி இருக்கிறது. அதில் படத்தைச் சுருக்கும் கட்டளைகளில் ரீசைஸை விட தம்ப்னெயில் நல்லது. ஜேபெக்கை முழுதாக விரிக்காமல் பாதி, கால், அரைக்கால் அளவில் நேரடியாகவே திறக்கத் தம்ப்னெயிலுக்குத் தெரியும். போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் சாய்ந்து விழாமல் இருக்க அதை நிமிர்த்தும் எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் என்ற கட்டளையும் வேண்டும், ஆனால் அதைத் தம்ப்னெயிலுக்குப் பிறகு போடுங்கள். முன்னால் போட்டால் படம் முழுதாக விரிந்துவிடும், மிச்சம் பிடித்த நேரம் போய்விடும். தம்ப்னெயிலுக்குக் கொடுக்கும் அளவை 945க்கு 945 என்று சதுரமாகக் கொடுத்தால் படம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கவலை இல்லை.

அப்புறம் ரிப்போர்ட்டில் வைக்கும் உங்கள் சங்கத்தின் லோகோ. பின்னணி தெரியாத பிஎன்ஜி ஒன்றை எல்லாப் பக்கத்திலும் ஒட்டியிருப்பீர்கள். அந்த ஒளி ஊடுருவும் பகுதிக்காகச் சில பிரிண்டர் டிரைவர்கள் எழுத்தையும் சேர்த்து முழுப் பக்கத்தையுமே படமாக மாற்றிவிடும். லோகோவை வெள்ளைப் பின்னணியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் பகுதி இல்லாத ஆர்ஜிபி படமாகச் சேமித்துவிடுங்கள். ரிப்போர்ட்லேப்பின் இன்னொரு கட்டளையான டிரா இன்லைன் இமேஜ் வேண்டாம், அது பக்கத்துக்குப் பக்கம் லோகோவைத் திரும்பத் திரும்ப உள்ளே வைக்கும். டிரா இமேஜ் ஒரே தடவை வைத்துவிட்டு மற்றப் பக்கங்களில் அதையே காட்டும்.

ஒன்று மட்டும் கவனம். பில்லோவில் சுருக்கிச் சேமிக்கும்போது படம் எடுத்த தேதியும் இடமும் நாம் சொல்லாவிட்டால் கூடவே வராது. தேதியை முதலிலேயே படித்தெடுத்துப் படத்துக்குக் கீழே அச்சிடுங்கள், ஒரிஜினல் படங்களை வேறு போல்டரில் அப்படியே வையுங்கள். வெடிப்பை எப்போது படம் எடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியது அதைத்தான்.