எந்தப் பனி உருகினால் கடல் ஏறும்?

காட்சி: மேசைமேல் கண்ணாடி டம்ளர்.

டம்ளரில் விளிம்புவரை நீர் நிற்கிறது. மூன்று ஐஸ் கட்டிகள் மேலே சற்றுத் தலைநீட்டியபடி மிதக்கின்றன. அவை கரைந்தால் நீர் வழியும் என்றே தோன்றும், ஆனால் ஒரு சொட்டும் வழிவதில்லை. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கியிருப்பதால், கரைந்த நீர் அந்த இடத்திலேயே அடங்கிவிடுகிறது. கடல்நீரின் உப்பால் நேரும் மிகச் சிறிய வேறுபாட்டைத் தவிர்த்தால், ஆர்க்டிக் கடல்மேல் உறைந்த பனிக்கும் இதே கணக்குதான். துண்டுப் பனியில் நிற்கும் பனிக்கரடியைக் காட்டிக் கடல்மட்ட உயர்வைப் பற்றிப் பேசும் படங்கள் இங்கேதான் நம்மைக் குழப்புகின்றன.

காட்சி: டம்ளர்மேல் டீ வடிகட்டி, அதில் ஐஸ் கட்டிகள்.

இப்போது சொட்டும் நீரெல்லாம் புதுவரவு, மேசை நனைகிறது. பனியைக் கடல்மேல் அல்லாமல் தரைமேல் தாங்கி நிற்பதால், கிரீன்லாந்தும் அண்டார்க்டிகாவும் இந்த வடிகட்டியைப் போன்றவை. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டரும், அண்டார்க்டிகாவின் பனி உருகினால் சுமார் 58 மீட்டரும் உயரும். கடல் 1 மில்லிமீட்டர் ஏறுவதற்கே ஏறத்தாழ 36,000 கோடி டன் பனி உருகவேண்டும். 2002 முதல் பூமியின் ஈர்ப்பை அளந்துவரும் செயற்கைக்கோள்களின்படி, கிரீன்லாந்து மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவில் இழந்துவருகிறது.

காட்சி: அண்டார்க்டிகாவின் லார்சன் பி பனித்தட்டு, 2002.

தரைமீதுள்ள பனி கடல்மேல் நீண்டு மிதக்கும் பகுதியே பனித்தட்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியது. அது ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்ததால், உடைந்ததால் மட்டும் கடல் உயரவில்லை. ஆனால் பின்னால் தரைமீதிருந்த பனியாறுகளுக்கு அதுதான் அணையாக இருந்தது. அணை போனதும் அவை பல மடங்கு வேகத்தில் கடலுக்குள் இறங்கின.

காட்சி: கிரீன்லாந்தை நடுவில் காட்டும் பூகோள உருண்டை.

உருகிய நீர் உலகெங்கும் ஒரே அளவாகப் பரவுவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி, தன் ஈர்ப்பினால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையும்போது அந்தப் பிடி தளர்வதால், கிரீன்லாந்தின் கரையோரத்தில் கடல்மட்டம் தாழ்ந்து, வெகுதொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல்களில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறுகிறது. மேற்கு அண்டார்க்டிகா உருகும்போது, அந்தக் கூடுதல் பங்கு வட அமெரிக்கக் கரைகளுக்குப் போகிறது.