தொட்டுப் பார்க்க ஒரு மேசை வேண்டும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த வெயிலிலும் சிவகங்கையிலிருந்து வந்திருக்கும் கல்வி அலுவலர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஊராட்சித் தலைவர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாகக் கைத்தறித் துண்டு போர்த்திய நெசவாளர் சங்கத்து அண்ணன்மார்களே, முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

மே 18 உலக அருங்காட்சியக நாள். காட்சிப் பொருளை எப்படி வைத்தால் மக்கள் நின்று பார்ப்பார்கள் என்று பேசச் சொன்னார்கள். வெளிச்சம், எழுத்து, தொடுதல் என்று மூன்றைக் குறித்து வந்திருக்கிறேன். ஓலைச்சுவடிக்கும் பழந்துணிக்கும் லக்ஸ் என்கிற ஒளி அளவில் 50-க்கு மேல் விடக்கூடாது என்பார்கள், அந்த அறை மங்கலாக இருப்பது அதனால்தான். அதை வாசலிலேயே ஒரு வரி எழுதி வைக்கலாம். வெளிச்சம் பற்றி இது போதும்.

‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்பார்கள் நம் பெரியவர்கள். நான் எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஒரு அருங்காட்சியகம், பெயர் வேண்டாம். கண்ணாடிக்குள் நடுவில் துளையோடு ஒரு சுடுமண் வில்லை. ‘தக்களி, சுடுமண்’ என்று சீட்டு, அதுவும் பெரியவர்களே எட்டிப் படிக்கும் உயரத்தில். பேரனோடு வந்த ஒரு அம்மா அங்கேயே நின்றுவிட்டார். “ஏலே, இது நாங்க பள்ளிக்கூடத்துல நூத்ததுல்ல!” அவர் படித்தது ஆதாரப் பள்ளி, அங்கே தக்களியைச் சுழற்றிக் கையால் நூல் நூற்பதும் ஒரு பாடம். “எப்படி அப்பத்தா நூத்தீங்க?” என்றான் பையன். கையைக் காட்டிச் சொல்லப்போக விரல் கண்ணாடியில் பட்டது. “தொடாதீங்கம்மா” என்று காவலர் குரல் கொடுத்தார். அந்த அம்மா அசரவில்லை. பேரனுடைய பென்சிலை வாங்கி அழிரப்பரில் குத்தி ஏற்றினார், கோயிலுக்கு வாங்கி வைத்திருந்த திரிப்பஞ்சைப் பையிலிருந்து எடுத்தார், நுனியில் சுற்றி ஒரு சுண்டு சுண்டினார் பாருங்கள், முழ நீளத்துக்கு நூல் இறங்கியது! சுற்றுலா வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே கூடிவிட்டார்கள், தொடாதீங்க என்ற அந்தக் காவலரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டை ஒரு பிள்ளையும் படிக்கவில்லை. கண் பார்த்தால் கை செய்யும், ஆனால் செய்து காட்ட அங்கே ஒன்றும் வைக்கவில்லையே!

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். மூலப்பொருள் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அதே போன்ற மாதிரிகளை வையுங்கள், பிள்ளைகள் எடுக்கட்டும், சுற்றட்டும், பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்கட்டும். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இலேயே பார்வையற்றவர்களுக்கென்று தொட்டுணரும் கூடம் திறந்துவிட்டார்கள். 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் முதல் 2023 மார்ச்சில் திறந்த கீழடி வரை, நம் ஊரில் எல்லாக் கூடத்திலும் இந்த மேசை வேண்டும் என்கிறேன். கீழடியில் தக்களியும் கிடைத்திருக்கிறது, எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்திருக்கிறது. மாதிரி செய்ய வெளிநாட்டுக்கா போக வேண்டும்? பக்கத்தில் மானாமதுரையில் மண்பாண்டம் செய்கிற கைகள் இருக்கின்றன. பிள்ளைகள் கையில் ஒன்று உடைந்தால் உடையட்டும், இன்னொன்று சுட்டு வாங்கினால் மானாமதுரைக்காரர்களுக்கும் வேலை.

எழுத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்தக் கோரிக்கையை எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். கல்வி அலுவலர் அவர்களிடம் இன்றைக்கே கொடுக்கிறோம்.