பெட்டியை மாற்றினால் தேனீக்கள் ஏன் பழைய இடத்துக்கே போகின்றன?

"ஐந்து தேனீப் பெட்டிகளைத் தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து 200 மீட்டர் தள்ளி மறுமூலைக்கு மாற்றினேன். மறுநாளே நிறையத் தேனீக்கள் பழைய இடத்தில் கொத்தாகத் தொங்கின. எங்கே தப்பு?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

தப்பு தூரத்தில்தான். தேனீ பெட்டியைவிட, பெட்டி இருக்கும் இடத்தைத்தான் மனத்தில் பதித்து வைத்திருக்கிறது. 200 மீட்டர் என்பது அது தினமும் பறந்து பழகிய வட்டாரம். வெளியே போனதும் பழைய மரம், பழைய வேலி கண்ணில் படும்; பழைய வழியிலேயே திரும்பிவிடும். அதனால் தினமும் 2, 3 அடியாக நகர்த்துங்கள். இல்லையென்றால் ஒரேயடியாக 5 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், இரண்டு மூன்று வாரம் வைத்துவிட்டு, பிறகு மறுமூலைக்குக் கொண்டுவாருங்கள். சுற்றுவழிதான், ஆனால் தேனீ வீணாகாது. இப்போது தொங்குகிற கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே இரண்டு அடைச் சட்டம் (தேனீ மெழுகால் கட்டிய தேனடை உள்ள மரச்சட்டம்) போட்ட காலிப் பெட்டியை வையுங்கள். சாயங்காலம் அதில் ஏறிக்கொள்ளும், இருட்டியதும் எடுத்து வந்துவிடலாம். சில நாள் இப்படிச் செய்ய வேண்டியிருக்கும்.

சரி, புது இடம் எப்படி இருக்க வேண்டும்? பூ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். நான் முதலில் கேட்பது, பக்கத்து வயலில் எப்போது மருந்து அடிப்பார்கள் என்பதைத்தான். அப்புறம் தண்ணீர். காலை வெயில் விழ வேண்டும், உச்சி வெயிலுக்கு நிழல் வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம். பெட்டி வாசலுக்கு எதிரே ஆள் நடக்கும் பாதையும் கூடாது.

ஏற்றிப் போகும்போது தேனீ பெரும்பாலும் சாவது புழுக்கத்தால். அடைபட்ட கூட்டம் பதறினால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். மெழுகு இளகி அடை சரிந்துவிடும். தேன் நிறைந்த சட்டங்களை முன்பே எடுத்துவிடுங்கள், கனத்தில் அடை அறுந்து ராணியே நசுங்கலாம். இருட்டி எல்லாத் தேனீயும் உள்ளே வந்தபிறகு வாசலைக் கம்பிவலையால் அடையுங்கள். துணியைத் திணிக்காதீர்கள், காற்றே போகாது. மூடிக்குப் பதில் மேலேயும் வலை இருந்தால் ரொம்ப நல்லது. அடிப்பலகை, அறைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பட்டையால் இறுக்குங்கள். வண்டியில் சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு இணையாக இருக்கட்டும். குறுக்கே இருந்தால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒன்றோடொன்று மோதும். வழியில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். நிற்கத்தான் வேண்டுமென்றால் வலைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளைத் தாங்கியில் வைத்து, இரைச்சல் அடங்கும்வரை பொறுங்கள். விடிவதற்குள் வலையை எடுத்துவிட்டு வாசலில் ஒரு தழைக்கொம்பைச் சாய்த்து வையுங்கள். வெளியே வரும் தேனீ அதில் தடுமாறி, நின்று, வாசலைப் பார்த்தபடியே அரைவட்டம் போட்டுப் பறக்கும். அப்படிப் பறந்தால் புது இடத்தை மனத்தில் பதிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.