சைலன்சரை அறுக்காதீங்கப்பா!

வணக்கம் மக்களே! கிடைத்துவிட்டது. நம்ம யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்குக்கு ஒரிஜினல் சைலன்சர். போன வீடியோவில் வண்டிச் சத்தத்தைக் கேட்டு "அண்ணா, தகர டப்பா உருளுது" என்று ஓட்டினீர்களே, இப்போது வந்து கேளுங்கள்.

சென்னையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில்தான் எடுத்தேன். கடைக்காரர் சொன்ன முதல் விலை 6,500. பழைய சைலன்சருக்கு! டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று நகர்ந்தேன், 6,000 ஆனது. திரும்பி வந்தேன், 5,500. கடைசியில் 5,200. அந்த 200-ஐ மட்டும் விடவே மாட்டேன் என்று நின்றார் மனுஷர். இணைப்பில் புகை கசியாமல் வைக்கும் கேஸ்கெட் 60 ரூபாய், அது தனியாம்!

"தம்பி, உள்ளே பஃபிள் முழுசா இருக்கு" என்றார். பஃபிள் என்றால் சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் பகுதி. அதை நம்பி வாங்கக் கூடாது. டார்ச் அடித்துப் பாருங்கள், அப்புறம் அடிப்பக்கம் விரலை ஓட்டுங்கள். கிரைண்டர் கீறலோடு கரடுமுரடான வெல்டிங் மேடு தட்டினால், யாரோ அறுத்து ஒட்டியது. என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை, கரிதான் அப்பியிருக்கிறது.

சத்தத்துக்காகப் பஃபிளைப் பிடுங்கி எறிபவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்ம வண்டி டூ ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கினாலே ஒரு சுற்று முடியும் இன்ஜின். அதில் சைலன்சரும் இன்ஜினில் பாதி. எரியாமல் வெளியே நழுவும் பெட்ரோல் கலவையை, சைலன்சருக்குள்ளிருந்து திரும்பும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த அமைப்பில் கை வைத்தால் சத்தம் கூடும், இழுவை போகும். 98 சிசி, 11 குதிரைத் திறன்தான், ஆனால் வண்டி 100 கிலோ சுமார். பறப்பதற்கு அது போதாதா?

"135 பிளாக் ஏற்று, அலாய் போடு" என்று, அதாவது 135 சிசி சிலிண்டரும் அலாய் சக்கரமும் மாட்டச் சொல்லி எழுதும் தம்பிகளே, சிசி மாறினால் ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கேட்பவர்களை மட்டும் நான் திட்டமாட்டேன். அந்த டிரம் பிரேக்கை நம்பி மழையில் ஓட்டியவனுக்குத்தான் டிஸ்க்கின் அருமை தெரியும். ஆனாலும் என் வண்டிக்கு டிரம்தான்.

ஆங், 2021-இல் வந்த விண்டேஜ் விதியைச் சொல்ல மறந்துவிட்டேன். 50 வயது தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு, நம்பரில் 'விஏ' வரும். சேஸி எனும் அடிச்சட்டம், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆர்.எக்ஸ். 100 வந்ததே 1985-இல், நிறுத்தியது 1996-இல். நம்மது 89 மாடல், 2039 வரை பொறுக்க வேண்டும். பொறுப்பேன்.

சரி, இப்போது குழப்பம் இதுதான். சைலன்சர் வளைவில் கொஞ்சம் துரு இருக்கிறது. புதிதாகக் குரோம் பூசலாமா, தேய்த்து அப்படியே மாட்டலாமா? கமெண்டில் சொல்லுங்கள். கறுப்புப் பெயின்ட் அடி என்று எழுதுபவரை பிளாக் செய்துவிடுவேன்.