ஏரோதை மறக்காத பாட்டுகள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் துணிக்கடையிலும் லிஃப்டிலும் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ ஓட ஆரம்பித்துவிடும். 1857இல் ஜேம்ஸ் பியர்பான்ட் வெளியிட்ட அந்தப் பாட்டில் இயேசுவும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. பனியில் குதிரைவண்டியை விரட்டிக்கொண்டு பெண்ணோடு ஊர் சுற்றும் வாலிப உற்சாகம்தான். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இயேசு பிறந்த கதையை மத்தேயு தன் நற்செய்தியில் எழுதியதைப் புரட்டிப் பாருங்கள்: மனைவியைச் சந்தேகப்படும் கணவர், குழந்தைகளைக் கொல்லும் ஏரோது அரசன், இரவோடிரவாக எகிப்துக்கு ஓடும் குடும்பம். இந்தக் கலக்கத்தை விட்டுவிடாத பாட்டுகள் சிலவற்றைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி என்று ஒரு நகரம். 16ஆம் நூற்றாண்டில் அங்கே தையற்காரர்களும் துணியைச் செப்பனிடுகிறவர்களும் சேர்ந்து விவிலிய நாடகம் போடுவார்கள். ஏரோதின் ஆட்கள் வருவதற்குச் சற்றுமுன், பெத்லகேம் தாய்மார் மூவர் கைக்குழந்தைகளோடு வந்து பாடுவதுதான் ‘கவென்ட்ரி கேரல்’. பிள்ளை அழுதுவிடக் கூடாது என்றுதான் கையில் வைத்துத் தாலாட்டுகிறேன் என்கிறாள் ஒருத்தி. தாலாட்டு எங்கே முடிகிறது, ஒப்பாரி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. மெட்டு முழுக்கச் சோகமாகப் போய், கடைசிச் சுரக்கட்டில் மட்டும் திடீரென்று மலரும். அந்த இடத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியதில் அந்நகரின் பேராலயம் எரிந்துபோனது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு இடிபாடுகளுக்கு நடுவே நின்று இதே பாட்டைப் பாடினார்கள், பி.பி.சி. ஒலிபரப்பியது.

அடுத்தது ‘செர்ரி மரப் பாட்டு’. பழந்தோட்டத்தில் நடக்கும்போது மரியாள், “பழம் பறித்துத் தாருங்கள், நான் பிள்ளைத்தாய்ச்சி” என்கிறாள். யோசேப்புக்குப் பொத்துக்கொண்டு வருகிறது: “பிள்ளைக்கு அப்பன் எவனோ, அவனே பறித்துத் தரட்டும்!” உடனே மரம் தானே வளைந்து அவள் கைக்குக் கிளையைக் கொடுக்கிறது. யோசேப்பு தலைகுனிகிறார். எந்தப் பிரசங்கத்திலும் இப்படி ஒரு யோசேப்பை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் இதைப் பாடும்போது, குழந்தை தன் பிறந்தநாள் ஜனவரி 6 என்று சொல்லும். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களை விழுங்கிவிட்டதல்லவா, மலைச்சனம் பழைய கணக்குப்படி வரும் கிறிஸ்துமஸைப் பாட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டது. கென்டக்கிப் பாடகி ஜீன் ரிச்சி பாடியதைத் தேடிக் கேளுங்கள்.

கனடாவின் ‘ஹியூரான் கேரல்’ பற்றி ஒரு வார்த்தை. 1640களில் ஜான் தெ பிரெபஃப் என்ற இயேசு சபைத் துறவி ஹியூரான் என்று அழைக்கப்பட்ட வெண்டாட் பழங்குடி மக்களின் மொழியிலேயே எழுதியதாகச் சொல்லப்படுவது, மெட்டு பிரெஞ்சுக்காரர்களுடையது. அதே சபையின் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி மதுரையில் தமிழில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. 1649 போரில் பிரெபஃப் கொல்லப்பட்டார், வெண்டாட் மக்களும் சொந்த மண்ணை இழந்து சிதறினார்கள், பாட்டு பிழைத்துக்கொண்டது. 1926இல் வந்த ஆங்கில வடிவம் முயல்தோல், மரப்பட்டைக் குடில் என்று ஜோடித்துவிட்டது, எனக்கு அது ஒட்டவில்லை. கனடியப் பாடகர் புரூஸ் காக்பர்ன் 1993இல் வெண்டாட் மொழியிலேயே பாடியிருக்கிறார்.

எனக்கு மிகப் பிடித்ததைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் பால் கெல்லி 1996இல் வெளியிட்ட ‘ஹவ் டு மேக் கிரேவி’. பல்லவியே கிடையாது, முழுப் பாட்டும் ஒரு கடிதம். டிசம்பர் 21ஆம் தேதி சிறையிலிருந்து ஜோ, தன் சகோதரன் டானுக்கு எழுதுகிறான். இந்த வருஷம் கிரேவி யார் செய்வார்கள் என்பதுதான் அவன் கவலை. மாவு, உப்பு, கொஞ்சம் சிவப்பு ஒயின், ஒரு கரண்டி தக்காளி சாஸ் என்று பக்குவம் சொல்கிறான். ஊரில் கொளுத்தும் வெயில், யார் யார் வருவார்கள் என்று அடுக்குகிறான். சண்டை போட இங்கே ஆளில்லாததால் ரோஜரைக்கூடத் தேடுகிறது என்கிறான். பிறகுதான் புழுக்கம் வெளியே வருகிறது: என் மனைவி ரீட்டாவோடு ஆடு, ஆனால் ரொம்ப நெருக்கி அணைக்காதே. அடுத்த கணமே மன்னிப்பும் கேட்கிறான். இயேசு பெயர் ஓரிடத்தில் போகிறபோக்கில் வருவதோடு சரி. இருந்தும், பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாத எவனுக்கும் இதைவிடப் பொருத்தமான கிறிஸ்துமஸ் பாட்டை நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியர்கள் இப்போது டிசம்பர் 21ஐ ‘கிரேவி நாள்’ என்றே கொண்டாடுகிறார்கள்.

முதல்முறை கேட்கும்போது வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கெல்லி பேசுகிற மாதிரியே பாடிக்கொண்டு போவார். ரீட்டா பேச்சு வரும் இடத்தைத் தவறவிட்டால் வெறும் சமையல் குறிப்புதான் மிஞ்சும்.