பெண்கள் பெயரில் பத்திரம் போட்டால் எவ்வளவு மிச்சம்? தமிழ்நாடு பட்ஜெட் 2025-26: ஒரு பத்திர எழுத்தர் வீட்டுக் கணக்கு

வணக்கம். இன்றைக்கு மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். கீழே அப்பா ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் யாருக்கோ கணக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுச் சேவல் நடுவில் கூவும், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், என் அப்பா பத்திர எழுத்தர். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலை. நானும் கல்லூரி விடுமுறைகளில் கிரையப் பத்திரம் டைப் அடித்து வளர்ந்தவள்தான்.

வெள்ளிக்கிழமை, 2025 மார்ச் 14, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பட்ஜெட் வாசித்தார். அதற்கு முந்தைய நாளில் இருந்தே எல்லோரும் 'ரூ' எழுத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பட்ஜெட் இலச்சினையில் அந்தப் பழைய ரூபாய்க் குறியை எடுத்துவிட்டு 'ரூ' போட்டதற்கு டெல்லி வரைக்கும் சண்டை. எங்கள் வீட்டில் பிறந்ததில் இருந்து எல்லாப் பத்திரத்திலும் 'ரூ' என்றுதான் எழுதியிருக்கிறோம். அதனால் அதை அப்படியே தாண்டிப் போய்விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியத்தில் இருந்து அப்பாவின் போன் ஓயவில்லை. காரணம் ஒரே ஒரு அறிவிப்பு. பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலம் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு. ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நடக்கிற பதிவுகளில் 75 சதவீதம் இதற்குள் வந்துவிடும் என்று அமைச்சர் சொன்னார். சென்னையில் இருப்பவர்கள் 10 லட்சத்துக்கு எங்கே மனை என்று சிரிக்கலாம். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அப்பா எழுதுகிற பத்திரங்களில் பாதிக்கு மேல் ஆறு லட்சம், ஏழு லட்சம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். இப்போது ஒரு கிரையப் பத்திரம் முடிக்க மொத்தம் 9 சதவீதம் ஆகிறது. அதில் முத்திரைத்தீர்வை 5. உள்ளாட்சிகளுக்குப் போகிற கூடுதல் தீர்வை 2. பதிவுக் கட்டணம் 2. இந்தப் பதிவுக் கட்டணத்துக்கு ஒரு கதை உண்டு. 2017-ல் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு ஒவ்வொரு இடத்துக்கும் குறித்து வைக்கிற விலையை, 33 சதவீதம் குறைத்தார்கள், கையோடு பதிவுக் கட்டணத்தை 1-ல் இருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே ஏற்றிவிட்டு, கட்டணத்தை 4-ல் இருந்து 2 ஆக்கினார்கள். ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்குகிற வேலை பதிவுத்துறைக்குப் புதிதில்லை. அதனால் இந்த முறை அப்பாவின் முதல் கேள்வி, "மதிப்பை ஏதாவது ஏத்தியிருக்கானா பாரு" என்பதுதான். பேச்சு முழுக்கத் தேடினேன், அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. புதிய வரியும் இல்லை.

10 லட்சம் ரூபாய் சொத்துக்கு 9 சதவீதம் 90,000. பெண் பெயரில் என்றால் இனி 80,000. மிச்சம் 10,000. அதுதான் உச்சம். ஆனால் சொத்தின் மதிப்பு 10 லட்சத்து 5 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலுகை கிடையாது, 90,450 கட்ட வேண்டும். ஐயாயிரம் ரூபாய் மதிப்பு கூடியதற்குப் பத்தாயிரத்து நானூற்றைம்பது ரூபாய் அதிகம். இனி 9 லட்சத்து 95 ஆயிரத்துக்கு எத்தனை பத்திரம் வரப்போகிறது என்று பாருங்கள். முதல் 10 லட்சத்துக்குச் சலுகை, அதற்கு மேல் உள்ளதற்கு வழக்கமான கட்டணம் என்று வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை.

ஆனாலும் இந்தச் சலுகை எனக்குப் பிடித்திருக்கிறது. காரணம் பத்தாயிரம் ரூபாய் இல்லை. "யார் பெயர்ல முடிக்கிறது?" என்று அப்பா கேட்கும்போது, வந்தவர்கள் ஒரு நொடி யோசிப்பார்கள். அந்த ஒரு நொடியில் மனைவி பெயரோ அம்மா பெயரோ வருவதற்கு இது ஒரு சாக்கு.

இப்போது இன்னொரு கணக்கு. விடியல் பயணம், அதாவது சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்கிற திட்டம். மாநிலத் திட்டக்குழு செய்த ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்றார்கள். வருடத்துக்கு 10,656. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மனை வாங்கும்போது கிடைக்கிற பத்தாயிரம், பஸ்ஸில் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒவ்வொரு வருடமும் கிடைக்கிறது. சொத்து வாங்க முடியாதவருக்கும் கிடைக்கிறது. இந்த பட்ஜெட்டில் அதற்கு 3,600 கோடி. முதலாவதை வரிச்சலுகை என்று கைதட்டுகிறோம், இரண்டாவதை 'ஓசி' என்கிறோம். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு நிமிடம், வெயில் முகத்தில் அடிக்கிறது. கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன்.

போன வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார், "மாநில அரசு ஏன் மளிகைச் சாமான் வரியைக் குறைக்கவில்லை?" என்று. நல்ல கேள்வி. மாநிலத்தின் கையில் அந்தச் சாவியே இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது அது ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் போய்விட்டது. ஒரு மாநிலம் தனியாக உட்கார்ந்து எண்ணெய்க்கும் சோப்புக்கும் வரியைக் குறைக்க முடியாது. மிச்சம் இருப்பது பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி, மின்சார வரி, இவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? வருடத்துக்கு 1,160 கோடி இழப்பு என்றார் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன். மது பக்கம் போனால் டாஸ்மாக் மூலம் 2023-24-ல் வந்தது 45,855 கோடி. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்த வீடியோ முடியாது.

அப்புறம், எல்லோரும் கேட்கிற விஷயம். கடன். 2026 மார்ச் இறுதியில் நிலுவைக் கடன் 9,29,959 கோடி இருக்கும் என்பது மதிப்பீடு. மாநில நிதிநிலை பற்றி அரசு வெளியிட்ட 2021 வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று ஒரு எண் வந்தது. அந்த எண் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, எங்கள் அத்தை அதைப் படித்துவிட்டு, நம்ம வீட்டுக்கு ஜப்தி வருமா என்று கேட்டார். வராது அத்தை. அரசின் கடன் பல பத்து வருடங்களுக்கு ஓடுவது, அதற்குள் மாநிலத்தின் உற்பத்தியும் வளர்ந்துகொண்டே போகும். அந்த உற்பத்தியில் 26.07 சதவீதம் கடன். ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் வரியை எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கிற நிதிக்குழு சொன்ன வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்பது அரசின் பதில்.

எனக்கு உறுத்துவது கடனின் அளவை விட, வாங்குகிற கடன் எங்கே போகிறது என்பதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி நோட்டில் எழுதி வைத்ததைப் படிக்கிறேன்.

வருவாய் வரவு 3,31,569 கோடி. இதை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்துக்கு 27 ரூபாய். ஓய்வூதியத்துக்குப் பன்னிரண்டரை. வாங்கிய கடனுக்கு வட்டி 21. மானியங்கள், உதவித்தொகைகள், உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 46. இதற்குள்ளேயே நூறைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்து, அலுவலகக் கரண்டு பில், பராமரிப்பு என்று இன்னும் கொஞ்சம். ஆக, நூறு ரூபாய் வரவுக்கு நூற்றுப் பன்னிரண்டரை ரூபாய் அன்றாடச் செலவு. அந்தத் துண்டுக்குப் பெயர்தான் வருவாய்ப் பற்றாக்குறை, 41,635 கோடி. இதுவரைக்கும் ஒரு பாலம்கூடக் கட்டவில்லை, கவனியுங்கள்.

பாலம், அணை, பள்ளிக் கட்டடம் எல்லாம் மூலதனச் செலவு. அதற்கு 57,231 கோடி. வட்டிக்குப் போவது சுமார் 70,000 கோடி. புதிதாகக் கட்டுவதை விட, முன்பு வாங்கியதற்குக் கட்டும் வட்டி அதிகம். மொத்த நிதிப்பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி நிரப்ப வேண்டியது, 1,06,963 கோடி. அதில் 41,635 அன்றாடச் செலவுத் துண்டு. கடன் வாங்குகிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 39 ரூபாய், மாதச் செலவை ஈடுகட்டப் போகிறது. நிலம் வாங்கக் கடன் வாங்கினால் அப்பா பத்திரம் எழுதிக் கொடுப்பார். அரிசி வாங்கக் கடன் வாங்கினால் அவர் என்ன எழுதுவார்?

உடனே, எல்லாம் இந்த இலவசத்தால் வந்தது என்று எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். அதையும் கூட்டிப் பார்த்தேன். மகளிர் உரிமைத் தொகை 13,807 கோடி. பஸ் 3,600 கோடி. பள்ளிக் குழந்தைகளின் காலை உணவு 600 கோடி. மூன்றையும் நாளைக்கே நிறுத்தினாலும் 18,007 கோடிதான் மிச்சம். வருவாய்ப் பற்றாக்குறையில் பாதிகூட அடையாது. திட்டுவதற்கு வசதியாகக் கண்ணுக்குத் தெரிகிற திட்டங்கள் இவை. மின்வாரியத்தின் நஷ்டத்தை அரசு தாங்குவதோ, வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்பதோ யாருக்கும் அந்த அளவு கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அது நம் எல்லோர் வீட்டு மீட்டரிலும் இருக்கிறது. அதை மட்டும் யாரும் ஓசி என்று சொல்வதில்லை!

டெல்லி பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. ஒன்றியம் பகிரும் வரியில் தமிழ்நாட்டின் பங்கு ஒன்பதாவது நிதிக்குழு காலத்தில் 7.931 சதவீதம். பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079. நாட்டின் உற்பத்தியில் நாம் 9 சதவீதத்துக்குப் பக்கம். வருமானம் அதிகமுள்ள மாநிலத்துக்குக் குறைவாகக் கொடுப்பது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் செஸ், கூடுதல் வரி என்று வசூலிப்பதை ஒன்றியம் பங்கே போடுவதில்லை. அதில் பணக்கார மாநிலம், ஏழை மாநிலம் இரண்டுக்கும் ஒன்றும் இல்லை. பள்ளிக் கல்விக்கு ஒன்றியம் கொடுக்க வேண்டிய சமக்ர சிக்ஷா திட்டப் பணம் 2,152 கோடி இன்னும் வரவில்லை, மாநில நிதியில் இருந்தே சமாளிப்போம் என்று அமைச்சர் பேரவையில் சொன்னார். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் இதற்கு நல்ல உதாரணம். 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபர் 3-ம் தேதி. அதுவரை பெரும்பகுதிச் சுமையை மாநிலம் தன் கடனில் ஏற்றிக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடனை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் ரயில் ஓடும்.

ஆனால் இத்தனை வருடமும் நூற்றுப் பன்னிரண்டரை கணக்கைக் குறைக்காததற்கு டெல்லியை மட்டும் கை காட்ட முடியாது. வருவாய்ப் பற்றாக்குறை இல்லாமல் போவது எப்போது என்று தேதியோடு ஒரு வரி பட்ஜெட் பேச்சில் இருந்திருந்தால், நானும் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ, 1,125 மின்சாரப் பேருந்துகள், இவையெல்லாம் எல்லாச் சேனலிலும் வந்துவிட்டன. நேற்று வந்த வேளாண் பட்ஜெட், 45,661 கோடி, அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள். ஆறு லட்சத்துக்கு மனை. திங்கட்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று. அப்பா கேன்சல் பண்ணச் சொல்லிவிட்டார். "ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் பொறுங்க, அம்மா பேர்ல போடுங்க, ஆறாயிரம் மிச்சம்." ஏப்ரல் 1 செவ்வாய்க்கிழமை, அன்றைக்கு வேண்டாம், புதன்கிழமை முடிக்கலாம் என்று அந்த அக்கா சொன்னார். பிறகு எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டார், "ஐயா, அந்த மனைக்குப் போற பாதை மண்ணாவே கிடக்கு, மழை பெய்ஞ்சா வண்டி போகாது. அதுக்கு எப்ப தார் போடுவாங்க?"

அப்பா, "அது பஞ்சாயத்தும்மா, பதிவாபீஸ் இல்ல" என்றார். அவர்கள் போன பிறகு நான் பத்திரக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆறு லட்சத்துக்கு அவர்கள் கட்டப்போவதில் 2 சதவீதம், 12,000 ரூபாய், உள்ளாட்சிக்கான கூடுதல் தீர்வை. அந்தத் தெருவில் இதுவரை எத்தனை பத்திரம் எழுதியிருப்பீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, நாற்பதுக்கு மேல் போனதும் நிறுத்திவிட்டார்.

இதோ, கூப்பிடுகிறார். வருகிறேன்ப்பா. சரி, வேளாண் பட்ஜெட்டோடு அடுத்த வாரம் பார்க்கலாம்.