மூன்றாவது முள்: கடல் கடந்து வந்த கிரைண்டரும் டர்பன் வீட்டு மின்சாரமும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வேலைக்காகவும் திருமணத்தின் பேரிலும் தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் குடிவரும் குடும்பங்கள், துணிமணிகளுக்கு அடுத்தபடியாகப் பத்திரமாகக் கட்டி எடுத்துவருபவை மிக்சியும் மாவு அரைக்கும் கிரைண்டரும்தான். அவற்றை இங்கே எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே அங்கே வாங்கிய மிக்சி இங்கும் அதே வேகத்தில் ஓடும். மின்மாற்றி எதுவும் தேவையில்லை. இந்த ஒற்றுமையே பலரை மெத்தனமாக இருக்கச் செய்துவிடுகிறது. வேறுபாடு ப்ளக்கில் இருக்கிறது. இந்திய மிக்சியில் வருவது சிறிய மூன்று முள் ப்ளக். இங்குள்ள வழக்கமான சாக்கெட்டோ 15 ஆம்பியர் பெரிய ப்ளக்குக்கு உரியது. சிறிய ப்ளக்கின் தடித்த எர்த் முள், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்பும் முள், ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பெரிய ப்ளக்கில் மின்சாரம் வரும் முள்ளும் அதே பருமன்தான். மூடி இல்லாத பழைய சாக்கெட்டிலோ மலிவான எக்ஸ்டென்ஷன் போர்டிலோ சிறிய ப்ளக்கை எப்படியாவது நுழைத்துவிடலாம் என்று முயல்பவர், எர்த் முள்ளை மின்சாரத் துளையில் செருகிவிட்டால், கிரைண்டரின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் பாய்ந்துவிடும்.

அடாப்டர் வாங்கினால் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சில அடாப்டர்களில் மூன்றாவது முள் வெறும் பிளாஸ்டிக். சிலவற்றில் உலோகமாக இருந்தாலும் உள்ளே எதனோடும் இணைந்திருக்காது. இயந்திரம் ஓடும், மாவும் அரையும், எர்த் மட்டும் இருக்காது. ஈரக் கையோடும் கல்லில் வழியும் தண்ணீரோடும் நாம் தொட்டுப் பழகும் கிரைண்டருக்கு எர்த்தைப் போல அவசியமானது வேறில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தைப் பற்றி நான் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நாட்டு வீடுகளில் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிபி போர்டில் எர்த் லீக்கேஜ் என்னும் பாதுகாப்புச் சாதனம் பொருத்தப்பட்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வழிதவறிக் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். ஊரிலிருந்து வந்த கிரைண்டரைப் போட்டதும் வீடு முழுவதும் மின்சாரம் நின்றால், அந்த இயந்திரத்தில் கசிவு இருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். மோட்டாரில் ஈரம் இறங்கியிருக்கலாம், பயணத்தில் வயர் நசுங்கியிருக்கலாம். ஆனால் சிலர் எர்த் முள்ளை வெட்டிவிட்டோ இரண்டு முள் அடாப்டரில் செருகியோ ஓட்டிப் பார்க்கிறார்கள். அப்போது மின்சாரம் நிற்பதில்லை என்பதால் பழுது சரியாகிவிட்டது என்றும் நம்புகிறார்கள். உண்மையில் கசியும் மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் அந்த உலோக உடலிலேயே காத்திருக்கிறது. அடுத்து அதைத் தொடும் மனிதரே அதற்கு வழியாகிறார். தயவுசெய்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சரியான வழி, பழைய ப்ளக்கை நீக்கிவிட்டு இங்கே விற்கும் தரமான ப்ளக்கைப் பொருத்துவதுதான். பழுப்பு நிற வயர் மின்சாரத்துக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்துக்கு. பழைய இந்திய வயர்களில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை. ப்ளக்கின் உள்ளே எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட வேண்டும். யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் கடைசியாக அறுபடுவது எர்த்தாகவே இருக்கும். வயரின் மேலுறையைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பின் திருகாணியை இறுக்க மறந்துவிடாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து வருபவர்களின் நிலை வேறு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கு வாங்கிய 1000 வாட் ரைஸ் குக்கரை வெறும் அடாப்டரோடு இங்கே செருகினால், வோல்ட் ஏறக்குறைய இரட்டிப்பாவதால் வெப்பம் மூன்றரை மடங்குக்கும் மேலாகி, குக்கர் கருகிப்போகும். மின்மாற்றி வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது; இங்கே அது 50 ஆகத்தான் வரும் என்பதால் சில மோட்டார்கள் மெதுவாகவும் சூடாகவும் ஓடும். சமையல் சாதனங்களை அங்கேயே கொடுத்துவிட்டு வருவது நல்லது என்பது என் கருத்து. லேப்டாப், கைப்பேசி சார்ஜர்களில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் கவலை வேண்டாம்.

வாடகை வீட்டில் குடியேறுபவர்கள், வீட்டின் மின் இணைப்பு விதிப்படி இருக்கிறது என்று உறுதிசெய்யும் சிஓசி சான்றிதழை உரிமையாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். அதை வைத்திருப்பது சட்டப்படி அவர் பொறுப்பு. குடிபுகும் நாளிலேயே எர்த் லீக்கேஜில் உள்ள சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சட்டென்று சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால், பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை கிரைண்டரைப் பெட்டியிலேயே விட்டுவையுங்கள். நன்றி, வணக்கம்.